நாகேஸ்வரியின் மகன் கேட்ட கேள்வி

என்னோடு வேலை செய்யும் சிவகௌரி அக்காவுக்கு இரண்டு பயங்கள். ஒன்று, படுக்கையில் விழுந்து மகளுக்குப் பாரமாவது. மற்றது, கோயிலில் ஊர்க்கதை பேசும் நாகேஸ்வரியின் வாயில் விழுவது. எது பெரிய பயம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் உறைந்த மரக்கறிப் பெட்டிகளை அடுக்குவதுதான் எங்கள் வேலை. போன குளிர்காலம் ஒரு பெட்டியைத் தூக்கும்போது அக்காவின் முதுகு சுளீரென்றது. அந்த நோவு காலுக்கு இறங்கியது. எங்கள் ஆட்களில் ஒருவர் கராஜில் கட்டில் போட்டு நரம்பு இழுத்து விடுகிறார். அவரிடம்தான் அக்கா முதலில் போகப் பார்த்தார். மகள் யாமினி மறித்துவிட்டாள். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே பதிவு வேண்டும். பதிவானவர்களின் பெயர்களை இணையத்தில் யாரும் தேடலாம், யாருக்காவது கட்டுப்பாடு போட்டிருந்தால் அதுவும் தெரியும். கராஜ்காரரின் பெயரை அவள் தேடிப் பார்த்தாள். இல்லை.

"எல்லாரும் அவரிட்டத்தானே போகினம்?"

"எல்லாரும் போனா அவர் பிசியோ ஆகிடுவாரா, அம்மா?"

"அப்ப தமிழ்ப் பிள்ளையாப் பார். என்ர நோவை எனக்கு இங்கிலிஷில சொல்லத் தெரியாது."

யாமினி தேடிக் கண்டுபிடித்தது சுபாங்கனை. கிளேட்டனில் கிளினிக், பதிவு சரி, ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் நாகேஸ்வரியின் மகன். அக்கா சின்னதில் மடியில் வைத்துச் சோறு தீத்திய பிள்ளை. நம்மாள் என்றால் மனம் விட்டுப் பேசலாம் என்று நினைக்கிறோம். எனக்கென்றால் நம்மாளுக்கு முன்னால்தான் வாய் இறுகிக்கொள்கிறது.

போவதற்கு முதல் நாள் அக்காவின் உடம்பில் வேறு மாற்றங்கள் தொடங்கியிருந்தன. இரண்டு கால்களும் கனத்தன. கதிரையில் உட்கார்ந்தால் இருப்பதே தெரியவில்லை, அந்த இடம் மரத்துக் கிடந்தது. சிறுநீர் போக முக்க வேண்டியிருந்தது. அக்கா யாமினியிடம்கூட மூச்சு விடவில்லை.

எண்ணெய் போட்டு உருவுவான் என்று எதிர்பார்த்துத்தான் கிளினிக்குக்குப் போனார். சுபாங்கன் முதுகைத் தொடவே இல்லை. யாமினியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கேள்வியாகக் கேட்டான்.

"அன்ரி, சலம் போறதில கஷ்டம் இருக்கா?"

"சீ, இல்லை."

"இருக்கிற இடம் மரத்த மாதிரி?"

"இல்லையப்பா. நீர் முதுகைப் பாருமன்."

அவன் அவரை எழுப்பி நடக்க விட்டான். கால் இழுபட்டது. அவன் முகம் மாறியது.

"நான் அங்கால திரும்பி நிக்கிறன். திரும்பக் கேக்கிறன். ஓம் எண்டால் மேசையில ஒருக்காத் தட்டுங்கோ. நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு அதே கேள்விகளைக் கேட்டான். தட்டினால் நாகேஸ்வரிக்குப் போய்ச் சேரும், கோயில் முழுக்கச் சிரிக்கும். தட்டாவிட்டால்? மரத்துப்போன தன் தொடையை அக்கா கிள்ளிப் பார்த்தார். தெரியவில்லை. தட்டினார். மற்றதற்கும் தட்டினார்.

சுபாங்கன் திரும்பியபோது கையில் போன் இருந்தது.

"அன்ரி, முள்ளந்தண்டுக்குக் கீழ இருக்கிற நரம்புகள் நசியுது போல. இதில நான் கை வைக்கக் கூடாது. இப்பவே எமர்ஜென்சிக்குப் போகவேணும். பிந்தினா காலும் சலமும் திரும்பி வராமல் போகலாம்."

அன்றைக்கே ஸ்கான், அன்றைக்கே ஒப்பரேஷன். கராஜ் கட்டிலில் யாராவது இழுத்திருந்தால் என்ற நினைப்பு வந்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. பிறகு மாதக்கணக்காகச் சுபாங்கன்தான் அவரை நிற்கப் பழக்கினான், படியேறப் பழக்கினான், முழங்காலை மடித்துப் பெட்டி தூக்கச் சொல்லிக்கொடுத்தான். அக்காவுக்குக் கால் வந்தது. பயம் மட்டும் போகவில்லை. கோயில் பக்கமே போகாமல் இருந்தார்.

தைப்பொங்கலுக்கு நான் இழுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு வரிசையில் நாகேஸ்வரி பிடித்துக்கொண்டார்.

"என்ன கௌரி, கனகாலம் காணேல்லை! ஊருக்கோ போனனீர்?"

அக்கா அந்த முகத்தையே பார்த்தார். நடிப்பில்லை, அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா இத்தனை மாதம் நடை பழகியும், அந்த வீட்டில் அவன் ஒரு வார்த்தை விடவில்லை.

"ஊருக்குப் போகேல்லை," என்றார் அக்கா. "எனக்குச் சலம் போகாமல் நிண்டது. கால் போகப் பாத்தது. உம்மட மகன்தான் கண்டுபிடிச்சவன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது. அக்கா குரலைத் தாழ்த்தவில்லை.