பஞ்சு அடைத்த மைக்

வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியே தமிழ் சொல்லித்தரும் வேலை அது. நேர்காணலும் ராசிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்தபடியேதான். பி.எட். முடித்த கையோடு விசைத்தறிக்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். படித்த படிப்புக்கு இத்தனை வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. அதைக் கைநழுவ விட எனக்கு மனமில்லை.

முதல் நாளே கம்ப்யூட்டரில் புது மைக்கைச் செருகி ஒத்திகை பார்த்தேன். சூரமங்கலத்தில் இருக்கும் நாத்தனாரை வீடியோவில் அழைத்து, "கேக்குதா?" என்றேன். "கேக்குதுங்க அண்ணி" என்றாள். என்ன சமையல் என்று கேட்டதற்கு, "பருப்புத் தொவையலுங்க" என்று டக்கென்று பதில் வந்தது. நிம்மதியாகிவிட்டேன்.

மறுநாள் காலை, பக்கத்து அறையில் ஓடும் தறிகளை நான் கேட்காமலே கணவர் நிறுத்தினார். அவசரமாக அனுப்ப வேண்டிய துண்டுகள் பாதியில் நின்றன. திரையில் நேர்காணல் எடுக்கும் இரண்டு அம்மாக்கள் தெரிந்தார்கள். வணக்கம் சொல்லி நான் பேச ஆரம்பித்ததும் ஒருவர் காதைத் தொட்டுக் காட்டினார்.

"உங்க குரலே வரலைம்மா. பதறாம சரிபண்ணிட்டு வாங்க, காத்திருக்கோம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைக்குக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அளவைக் கடைசிவரை ஏற்றினேன். தொண்டை கிழியக் கத்தியும், குரலுக்குத் துள்ள வேண்டிய பச்சைக் கோடு அசையவே இல்லை. "நேத்து நல்லாத்தானுங்க இருந்துச்சு, இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று கணவரிடம் அழாத குறையாகக் கேட்டேன். நேற்றைக்குப் பிறகு எதையோ மாற்றித் தொலைத்துவிட்டேன் என்றுதான் செட்டிங்கெல்லாம் துழாவிக்கொண்டிருந்தேன்.

அவர் தங்கைக்குப் போன் போட்டார்.

"அண்ணா, நேத்து இங்க மிக்ஸி ஓடிட்டு இருந்துச்சுங்க. அண்ணி வாயைப் பாத்தே பதில் சொல்லிப்போட்டேன். சத்தம் வந்துச்சா இல்லையான்னு நெனைக்கவே இல்லீங்க."

தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பாள்! தறி ஓடும்போது உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிக்கிறவர்கள் நாங்கள். கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆனாலும் அவள் மறைக்காமல் சொன்னதில்தான் வழி பிறந்தது. மைக் நேற்றே ஊமை. அப்படியானால் நான் எதையும் மாற்றவில்லை. கோளாறு வயர்ப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியைத் திருப்பி டார்ச் அடித்தேன். முந்தின நாள் வரை எதுவும் செருகியிராத மைக் துளையில் தறிப் பஞ்சு கெட்டியாக அடைத்திருந்தது. மைக் வயரின் முனை பாதிதான் உள்ளே போயிருந்தது. அறுந்த இழையைக் கோக்கும் சின்னக் கொக்கியைக் கணவர் எடுத்துவந்து பஞ்சைச் சுருள் சுருளாக வெளியே இழுத்தார். வயர் முனை முழுதாக இறங்கியது. மறுபடி போட்டதும் பச்சைக் கோடு துள்ளியது.

அந்த அம்மாக்கள் சொன்னபடியே காத்திருந்தார்கள். அதற்கே அவர்களுக்குக் கோடி நன்றி சொல்ல வேண்டும். நான் உற்சாகத்தில் உச்சக்குரலில் ஆரம்பித்தேன். ஒருவர் சிரித்துக்கொண்டே, "மெதுவாவே பேசுங்கம்மா, நல்லாக் கேக்குது" என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. தறி நின்ற நேரத்திலும் கத்தியே பேசிப் பழகியிருந்தேன். கண் கலங்கியதை மறைத்துக்கொண்டு, தணிந்த குரலில் ஒரு பாடம் நடத்திக் காட்டினேன்.

வேலை கிடைத்தது. இப்போது தினமும் மாலை வகுப்பு நேரத்தில் தறிகள் நிற்கின்றன. ஓட வேண்டிய தறியை எனக்காக நிறுத்தும் மனுசர் வாய்த்தது என் பாக்கியம். முதல் வகுப்பு முடிந்து நான் எழுந்து வந்தபோது, அவர் கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"ஏம் புள்ள, உன்ற குரல் இப்படி இருக்கும்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாதே" என்றார்.