முளைக்கு முளை ஒரு கிலோமீட்டர்

எந்த வாகனத்தில் ஏறினாலும் என் கண் முதலில் வேகம் காட்டும் மீட்டருக்குத்தான் போகும். ஹட்டன் பஸ்ஸில் நெரிபட்டு நின்றுகொண்டு போனாலும் டிரைவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். பாதி பஸ்களில் முள் செத்துக் கிடக்கும். அதைக் கண்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எட்டு வயதில் ஒரு மீட்டருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்தக் கர்வம் இன்னும் போகவில்லை.

அப்பா ஒரு கார் செய்தார். வாங்கவில்லை, செய்தார். மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. மிச்ச நேரமெல்லாம் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மல்லாந்து படுத்துக் கிடப்பார், ஒரு தகரக் கூண்டுக்கு அடியில். ஓர் ஆட்டோவின் எஞ்சின், பள்ளத்தில் உருண்ட வேனின் சக்கரங்கள், பழைய பஸ்ஸின் சீட்டு, தட்டி நிமிர்த்திய கூரைத் தகரம். கோயிலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டைப் பூசியதும், சாமி ஏறி வரும் வாகனம் போல ஒரு களை அதற்கு வந்துவிட்டது. லயத்தில் எல்லோரும் அதைத் தகர டப்பா என்றார்கள். அப்படிச் சொன்னவர்களோடு நான் பேசுவதை நிறுத்தினேன். கடைசியில் பேசுவதற்கு ஆளே இல்லாமல் போய்விட்டது.

அந்தக் காருக்கு நம்பர் தகடு கிடையாது. மெயின் ரோட்டில் இறங்கினால் பொலிஸ் பிடிக்கும். தோட்டத்துப் பாதைக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ளத் தோட்டத்தை நடத்தும் துரை தலையசைத்திருந்தார். அப்பாவுக்கு அது போதும். அந்தப் பாதை போய் மெயின் ரோட்டில் முட்டுகிற சந்தியில்தான், அம்மாவை வீட்டு வேலைக்குக் குவைத்துக்கு அனுப்புகிற ஏஜென்சியின் வேன் வந்து நிற்கப் போகிறது. பாதை மோசம், வேன் மேலே ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு வாசலிலிருந்து சந்தி வரைக்கும் அம்மாவைத் தன் காரில் கொண்டுபோய் விடவேண்டும் என்பது அப்பாவின் வைராக்கியம்.

"பெட்டிய தலையில தூக்கிக்கிட்டு நடந்து போனானு ஒருத்தன் சொல்லக்கூடாது" என்பார் சித்தப்பாவிடம். அம்மா காதில் விழாத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருப்பார்.

எனக்குக் குவைத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. இரண்டு வருடம் என்றார்கள். மூன்றாம் ஆண்டில் படிக்கிறவள் ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விட்டால் அம்மா வந்துவிடுவார், அவ்வளவுதானே என்று நினைத்தேன். என் அவசரமெல்லாம் கார் எப்போது ஓடும் என்பதில்தான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி லயத்தை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டிருந்தேன். "ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கணும்" என்று அம்மா சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார்.

எஞ்சின் ஓடியது, பிரேக் பிடித்தது, ஆனாலும் அப்பா காரை எடுக்கவில்லை. "மீட்டர் இல்லாட்டி அது கார் இல்ல, தள்ளுவண்டி" என்றுவிட்டார். கொழும்பில் வேலை செய்த சித்தப்பா லீவில் வரும்போது, வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஓர் எலக்ட்ரானிக் மீட்டரை வாங்கி வந்தார். சக்கரத்தின் உட்பக்கம் ஒரு சின்னக் காந்தம் ஒட்ட வேண்டும். சக்கரம் சுற்றும்போதெல்லாம் அந்தக் காந்தம் பக்கத்திலிருக்கும் சென்சரைக் கடந்து போகும், மீட்டர் சுற்றை எண்ணும். ஆனால் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று அதற்குத் தெரியாது. பட்டனை அமுக்கிவிட்டுச் சரியாக ஒரு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி அமுக்கினால் கற்றுக்கொள்ளும். கூட வந்த தாளில் சீன எழுத்துகளுக்கு நடுவே அப்படித்தான் படம் போட்டிருந்தது. பட்டன் அமுக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அன்று முழுவதும் அந்த விரலால் வேறு எதையும் தொடவில்லை.

முதல் ஓட்டம் பாதையோரத்துக் கற்களை நம்பி நடந்தது. எண் வெட்டிய பழைய கற்கள். ஒன்றாம் கல்லில் அமுக்கினேன், இரண்டாம் கல்லில் அமுக்கினேன். மீட்டர் கற்றுக்கொண்டது. பிறகு அம்மாவையும் சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் விட்டார் அப்பா. மீட்டர் முப்பது காட்டியது. தேயிலைச் செடிகள் பக்கவாட்டில் பச்சைக் கோடாக ஓடின. வளைவில் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மனைக் கூப்பிட்டார்.

"என்னாங்க, மெதுவா போங்க!"

"முப்பதுதான் புள்ள. மீட்டரப் பாரு."

"முப்பதுல போற பஸ்ல நான் தூங்கிருவேங்க. இதுவா முப்பது?"

பின்னாலிருந்த சித்தப்பா திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். "அண்ணே, அதெல்லாம் மைல் கல்லுண்ணே! வெள்ளக்காரன் காலத்துல நட்டது!" ஒரு மைலைக் கிலோமீட்டர் என்று மீட்டருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அது பாவம், சொன்னதை நம்பியது. அப்பா பிரேக்கைப் போட்ட வேகத்தில் சித்தப்பாவின் சிரிப்பு முன் சீட்டில் மோதி நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பாதையைத் தானே அளப்பது என்று முடிவு செய்தார். ஃபெக்டரி டேப்பால் அளந்து ஒரு கயிற்றை ஐம்பது மீட்டருக்கு வெட்டினார். நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு முளை அடித்தாயிற்று. அங்கிருந்து கயிற்றை இருபது தரம் போட்டால் ஒரு கிலோமீட்டர். முன் நுனியை அம்மா பிடித்தார், பின் நுனியை அப்பா. பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா முன்னால் போய்க் கயிற்றை இழுத்துப் பிடித்து, அந்த இடத்தில் ஒரு கல்லை வைப்பார். அப்பா நடந்து வந்து கல்லில் நுனியை வைக்கவேண்டும். அதற்குள் அம்மா அடுத்த கல்லுக்குப் போகலாம், போனால் வேலை சீக்கிரம் முடியும். போகமாட்டார். அப்பா வந்து சேரும்வரை அங்கேயே நிற்பார். வந்த பிறகும் இருவரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஏதோ பேசிக்கொண்டு நிற்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லயத்துக்குள் பேசாத என்ன பேச்சு இந்தக் குளிரில்? சவுக்கு மர வளைவில் நின்று அம்மா கேட்டார், "இப்ப பன்னெண்டா, பதிமூணா?"

"தெரியலையே" என்றார் அப்பா.

"பதிமூணு! நான் எண்ணிக்கிட்டேதான் வாறேன்!" என்று கத்தினேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எதுக்கும் மொதல்ல இருந்து அளந்துருவோம்" என்றார் அம்மா. ஃபெக்டரியில் நட்டு ஒன்று தொலைந்தாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற அப்பா, ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பீலிக்கரைக்குத் திரும்பினார். நான் பாதையில் உட்கார்ந்து அழுதேன். ஒருவழியாக இரண்டாவது முளை அடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் முளைக்கு முளை ஓட்டி, பட்டனை அமுக்கினோம். சரிபார்க்க மறுபடி ஓட்டியபோது தூரம் காட்டும் கட்டத்தில் சரியாக ஒன்று விழுந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மா வெளிநாடு போவதைச் சொல்லவில்லை, மீட்டர் சரியானதைத்தான் சொன்னேன்.

அம்மா புறப்படும் காலை வந்தது. பெட்டி பின் சீட்டில், அம்மா முன் சீட்டில், அம்மாவின் மடியில் நான். லயமே வாசலில் நின்றது. தகர டப்பா என்று சொன்னவர்களுக்கெல்லாம் கை காட்டினேன். புதுச் சேலையில் அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என் வயிற்றைச் சுற்றி அவர் கை இறுகிக்கொண்டே வந்தது. மீட்டரைப் பார்க்க முடியாமல் நெளிந்தேன். இரண்டாவது முளையைத் தாண்டினால் அடுத்தது சந்திக்கு இறங்கும் நேர்பாதை. அதில் நாற்பதில் போவதாக அப்பா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முளையைத் தாண்டும்போது அம்மா சொன்னார், "என்னாங்க, மீட்டர் கொஞ்சம் பிசகுற மாதிரி இருக்கு. இன்னொரு தரம் பாத்துருவோமா?"

அப்பா உடனே காரைத் திருப்பினார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. மேலே பீலிக்கரை முளை வரைக்கும் போய், கட்டத்தைப் பூஜ்ஜியமாக்கி, மறுபடி இறங்கினோம். "ஒன்னு! சரியாத்தான் இருக்கு!" என்று கூவினேன்.

"எறங்கறப்ப சரி. ஏர்றப்ப?" என்றார் அம்மா.

ஏறும்போதும் பார்த்தோம். சரியாக இருந்தது. கீழே சந்தியில் வேன் ஹார்ன் அடித்தது. இறங்கும்போது இன்னொரு தரம் பார்த்தோம். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. வேன்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்காமல் அடித்தான். அம்மா முன்னால் குனிந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமா, சரியாத்தான் இருக்கு" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். நேர்பாதையில் அப்பா இருபதைத் தாண்டவே இல்லை. அந்தக் கோபத்தில் சந்தியில் அம்மா முத்தம் கொடுத்தபோது கன்னத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வேன் போனது. திரும்பி வரும்போது முன் சீட்டு முழுக்க எனக்கே. காலை நீட்டி உட்கார்ந்து, மூச்சு விடாமல் பேசிக்கொண்டே வந்தேன். அம்மாவுக்கு மீட்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாது, சரியாக இருந்ததைப் போய்ப் பிசகு என்று சொல்லிக் காலைப் பொழுதையே வீணாக்கிவிட்டார் என்றேன். முளைக்குப் பக்கத்தில் வந்ததும் அப்பா காரை நிறுத்தி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்தார்.

"பாப்பா, இன்னொரு தரம் பாத்துருவமா?"

"எதுக்குப்பா?" என்றேன் எரிச்சலோடு. "அதான் சரியா இருக்குதே."