ஒரு சுற்றுக் குறைந்த முடிச்சு

வெள்ளவத்தையில், கடற்பக்கத்து ஒழுங்கையொன்றில் எங்கள் வாடகை வீடு. இவர் பட்மின்டன் ரக்கெட்டுகளுக்கு நரம்பு கட்டுவார். நரம்பை மெசினில் இழுத்துப் பிடிப்பது இவர் வேலை, கடைசி முடிச்சு என் வேலை. நைலோன் நரம்பு லேசில் நிற்காது, வழுக்கும். பக்கத்து நரம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, குறட்டால் இறுக்கி, நெல்மணியளவு வால் விட்டு வெட்ட வேண்டும். "மூண்டு முடிச்சோட என்ர வேலை முடிஞ்சுது, மிச்சமெல்லாம் உம்மட பொறுப்பு" என்று தாலியைக் காட்டிப் பகிடி விடுவார். என் முடிச்சு அவிழ்ந்ததென்று ஒருவரும் வந்து நின்றதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

யுத்த காலம். ஒரு சுற்றிவளைப்பில் இவரைக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததே போதுமாயிருந்தது. பொலிஸ் நிலையத்தில் கேட்டால், இங்கே இல்லை என்றார்கள். பிறகு எங்கே? நிலையம் நிலையமாக ஏறி இறங்கியும் தெரியவில்லை.

அப்போது வீட்டில் ஒரு ரக்கெட் கிடந்தது. வேறு பகுதியில் வேலை செய்த சிங்களப் பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஒருவருடையது. அதை எடுக்க வந்தவரிடம் அழுது சொன்னேன். விசாரித்துப் பார்ப்பதாகச் சொல்லி, நானே இழுத்து நானே முடிந்த ரக்கெட்டோடு போனார். ஐந்து கிழமைக்குப் பிறகு, நரம்பு அறுந்த ரக்கெட்டோடு திரும்ப வந்தார்.

"பயப்பட வேணாம் நோனா, ஆள் நல்லா இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சோறு தின்றேன்.

அடுத்த சேதி எப்போது? நரம்பு அறுந்தால்தான் அவர் வருவார். அந்த முறை ஒரு சுற்றுக் குறைத்துக் கட்டினேன். வாலையும் ஒட்ட நறுக்கினேன்.

எட்டாம் நாள் வந்து நின்றார். முடிச்சு வழுக்கிவிட்டதாம். "ஆள் நல்லா இருக்கு." மறுபடியும் அப்படியே கட்டினேன். பத்து நாளில் வந்தார். "ஆள் நல்லா இருக்கு." எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது. மூன்று தரமும் ஒரே பேச்சு. மனுசன் உண்மையில் போய்ப் பார்க்கிறாரா, இல்லை அழுகிறவளின் வாயை அடைக்கிறாரா? ஆனாலும் மூன்றாம் முறையும் இளக்கித்தான் கட்டினேன்.

அடுத்த தரம் வந்தபோது ரக்கெட்டை மேசையில் வைத்து, வழுக்கிய முடிச்சை விரலால் தொட்டுக் காட்டினார். கள்ள மனம் துள்ளும் என்பார்கள். குறட்டைத் தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டேன்.

"நோனா கட்டுற முடிச்சு நிக்கிறது இல்லை எண்டு உங்கட மனுசனிட்ட சொன்ன. அவருக்குக் கோவம் வந்த. 'என்ர மனுசியிட முடிச்சு ஒரு நாளும் வழுக்காது, மூண்டு முடிச்சுத்தான் நான் போட்டது, மிச்சம் எல்லாம் அவதான்' எண்டு சொன்ன. அது என்ன கதை எண்டு எனக்கு விளங்க இல்லை."

நான் அப்படியே நிலத்தில் குந்தி அழுதேன். அந்தப் பகிடி எங்கள் வீட்டுப் படியைத் தாண்டியதில்லை. இவர் உயிரோடு இருந்தார். கோபப்படுகிற அளவுக்கு இருந்தார்.

"இந்த முறை நல்லா கட்டித் தாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இன்னொரு தரம் இளக்கினால் எட்டுப் பத்து நாளில் சேதி வரும், தெரியும். ஆனால் எங்கோ அடைபட்டுக் கிடந்துகொண்டு, என் கைக்காக இவர் சண்டை பிடித்திருக்கிறார். அதைப் பொய்யாக்க என்னால் முடியவில்லை. இரண்டு சுற்றுச் சுற்றினேன், குறட்டால் இறுக்கினேன், நெல்மணியளவு வால் விட்டு வெட்டினேன்.

முடிச்சும் நின்று, நரம்பும் அறாமல் இருந்திருக்க வேண்டும். அந்த ரக்கெட் திரும்பி வரவில்லை. ஏழு மாதம், இவரே வந்து கதவைத் தட்டும் வரைக்கும், எனக்கு ஒரு சேதியும் கிடைக்கவில்லை.