நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால்

பள்ளத்தாக்கின் பள்ளிப் பேருந்தை ஓட்டும் ஒத்ரூனுக்குப் பனி உறைந்த வளைவுகளில்கூடக் கை நடுங்கியதில்லை. பனிச்சறுக்குப் பலகைகள் விற்கும் எய்விண்ணின் ஸ்கீ கடைக்குள் நுழையத்தான் வாசல்வரை வந்து இரண்டு முறை திரும்பி நடந்தாள்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன், பனிமேட்டிலிருந்து எம்பிச் சுழன்று பின்பக்கமாகத் தரையிறங்கியபோது இடது முழங்காலில் ‘டப்’பென்று ஒரு சத்தம். அவள் முழங்காலோடு ஸ்கீயும் போயிற்று. அறுவைக்குப் பின் கால் தேறிவிட்டது. அந்தச் சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. சனிக்கிழமை பழைய கூட்டாளிகள் மலைக்குக் கிளம்புகிறார்கள். அவளும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

“இந்த வருஷம் குதிக்கிறதில்லடா. சும்மா மலைய சுத்தணும், அவ்ளோதான்” என்றாள்.

“அப்ப இத எடுத்துக்க” என்று விறைப்பான ஒரு ஜோடியைக் காட்டினான் எய்விண். அவளோடு ஒரே அணியில் குதித்துப் பழகியவன். “வால் தட்டையா இருக்கு, பின்பக்கமா குதிச்சு இறங்க ஆகாது. எங்கப்பாவுக்கு இதுதான் குடுத்தேன்.”

“வயசாயிடுச்சுன்னு சொல்லிக் காட்டுறியா?”

“நான் எங்க சொன்னேன்? உன் கைதான் வேற ஜோடிய தடவிக்கிட்டு இருக்கு.”

உண்மைதான். இரு முனையும் மேல்நோக்கி வளைந்த ஜோடி அது. உள்ளே உறுதியான மரம், தடித்த இரும்பு ஓரம். அவள் அதை நிறுத்தி, நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். வளைந்தது, விட்டதும் அவசரமில்லாமல் நிமிர்ந்தது. மலைக்கும் தாங்கும், குதிக்கவும் தாங்கும். வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

பட்டறையில் பலகையை இடுக்கியில் பூட்டினான். “பூட்ஸ் மாட்டுற கொக்கிக்குத் துளை எங்க? நடுக்கோட்டுலயா, பின்கோட்டுலயா?”

நடுக்கோடு குதிப்பவர்களுக்கு, பின்கோடு மலையில் இறங்குபவர்களுக்கு. ஒரு முறை துளைத்துவிட்டால் பக்கத்தில் இன்னொரு துளை போட முடியாது, பலகை பலமிழந்துவிடும்.

“பின்கோடு.”

“முனையப் பிடிச்சுக்க.” அந்தக் கடையில் துளை போடும்போது வாங்குபவர்தான் முனையைப் பிடிக்க வேண்டும். பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாதென்று அவன் வைத்த வழக்கம்.

பிடித்தாள். கை அசையவில்லை. அதுதான் அவளைக் கலவரப்படுத்தியது. பயமில்லாததால் அல்ல, இனி குதிக்கவே மாட்டாள், பயப்பட எதுவும் மிச்சமிராது என்பதால் வந்த அமைதி அது.

“நிறுத்து. ரெண்டு விரல் முன்னால தள்ளு.”

“நடுக்கோட்டுக்கா?”

“முழுசா வேணாம். கொஞ்சம் பின்னால.”

எய்விண் புதிதாகக் கோடு போட்டான். அவள் மீண்டும் முனையைப் பிடித்தாள்.

“கை ஆடுதே. ஒரு காபி குடிச்சிட்டு வரலாமா?”

“குடிச்சிட்டு வந்தா மனசு மாறிடும். பலகைதான் இடுக்கியில இருக்கே, என் கை ஆடிட்டுப் போகட்டும். நீ போடு.”

மரத்தூள் அவள் விரல்மேல் விழுந்தது. இடது முழங்காலை மேசையின் காலோடு அழுத்திக்கொண்டு, கடைசித் துளைவரை அவள் முனையை விடவில்லை.