சலவை அறைத் தங்கம்

ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி தங்கச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் ட்ரெவர் ஹாக்கிங். ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லாரையும் நிற்கவைத்துக் கால் மணி நேரம் உபதேசிக்காமல் ஒருவரையும் உள்ளே விட்டதில்லை. ஹெல்மெட்டும் பூட்ஸும் இல்லாமல் கனவு கண்டவனைக்கூடக் கண்டித்திருப்பார் என்று ஊரில் பேச்சு.

ஓய்வு பெற்றபின் தங்கமில்லாத வாழ்க்கை அவருக்குச் சப்பென்றிருந்தது. பழைய கம்ப்யூட்டர்களைப் பொறுக்கிவந்து, சலவை அறையில் அமிலம் ஊற்றி, உள்ளே பூசியிருக்கும் துளித் தங்கத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். முகமூடியா? அது சுரங்கத்துக்கு, சொந்த வீட்டில் எதற்கு? வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் என்று ஜன்னலையும் சாத்திவைத்தார்.

அன்று மதியம் அவர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தபோது, துணி எடுக்கப் போன மனைவி கிளெனிஸ் பழுப்புப் புகையில் சிக்கி, இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஷோனா இருந்தாள். முன்பு சுரங்கத்தில் லாரி ஓட்டியவள். அவர் உபதேசத்தை ஐந்து வருடம் நின்றே கேட்டவள்.

"என்ன புகை, ட்ரெவர்?"

"பிளீச்சு. இவதான் கழிவறை கழுவுற திரவத்தோட கலந்துட்டா போல."

கிளெனிஸ் இருமலை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். நாற்பது வருடக் குடித்தனத்தில் அப்படியொரு பார்வையை அவர் வாங்கியதில்லை.

"இருமல் அடங்கிடுச்சே. கொஞ்ச நேரம் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றாள் ஷோனா.

"வேற புகையா இருந்தா?" பக்கத்து வீட்டுக்காரருக்காக விசாரிப்பவர்போல் கேட்டார்.

"எது? அமிலத்துல உலோகத்தைப் போட்டா வருமே, அந்தப் பழுப்புப் புகையா? அப்படின்னா அனுப்பவே மாட்டோம். இப்ப நல்லாத்தான் இருப்பாங்க. விடியறதுக்குள்ள நுரையீரல்ல நீர் கோத்துக்கும். ஆளே போயிடலாம்."

ட்ரெவரின் காதுமடல் சிவந்தது. வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

"சத்தமா சொல்லுங்க. கடைசி வரிசைக்கும் கேக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"பிளீச்சு இல்ல. நான்தான். கம்ப்யூட்டர்லேர்ந்து தங்கம் எடுத்தேன்."

ஷோனா திட்டவில்லை, டாக்டரைக் கூப்பிட ஓடினாள். அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

கிளெனிஸைக் கட்டிலில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். அவள் முகமூடியைச் சற்று விலக்கினாள்.

"எவ்ளோ தேறிச்சு, ட்ரெவ்?"

"கடுகளவு."

"அதுக்கு நான் பிளீச்சு கலந்தேனா?"

ட்ரெவர் தலை குனிந்தார். கீழே ரப்பர் செருப்புக்கு வெளியே அவருடைய பத்துக் கால்விரல்களும் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வந்த ஷோனாவும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.