நாற்பத்திரண்டு அக்காவின் கட்டம் போட்ட பை

செய்தியைச் சொன்னவர் சூரிச்சில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஞானம் அண்ணை. ஷாஃப்ஹவுசனில் பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். "சிவம், உம்மடை நாப்பத்திரண்டு அக்கா எங்களை விட்டுப் போயிட்டா," என்றார். எனக்கு விளங்கவில்லை என்றில்லை, விளங்கிக்கொள்ள மனமில்லை. "காலங்காத்தாலை விசர்க்கதை கதையாதையுங்கோ அண்ணை," என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன். பிறகு நானே திரும்ப எடுத்தேன். அக்காவோடு ஆசை தீரச் சண்டை பிடித்த இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு முனையில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

பிலோமினா அக்காவை உங்களில் பலருக்குத் தேவாலயப் பாடகர் குழுவில் தெரியும். குரல் கொஞ்சம் முந்தி ஓடும், மற்றவர்கள் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டும். எனக்கு அவரைத் தெரிந்தது எதிர் மேசையில். எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தில் நாங்கள் இருவரும் இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்தோம். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கப் புத்தகத்தில் ஓர் இலக்கம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பெட்டிகளும் பைகளும் நாற்பத்திரண்டாம் அத்தியாயம், அந்த அத்தியாயம் அக்காவின் சொந்தக் காணி. அதற்குள் வேறு ஆரும் கால் வைக்க முடியாது. பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

பையை வகைப்படுத்தும்போது வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. துணியின் மேல் பிளாஸ்டிக் பூசியிருந்து, அந்தப் பூச்சு வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால், சட்டத்துக்கு அது பிளாஸ்டிக். இந்த விதியை அக்கா அலுவலகத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பீல் நகரத்தில் ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை ஒவ்வொரு மேசையாக வந்து தேன் ஒழுகக் கதைத்துவிட்டுப் போனார். அக்கா என் காதருகே குனிந்து, "பூச்சு தெரியுது, சிவம்," என்றார். சோடா எனக்கு மூக்கால் வந்தது. அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் மனைவி பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார். அக்காவின் தீர்ப்பெல்லாம் சரியென்று நான் சொல்ல வரவில்லை.

பிறகு ஒரு நாள் தொழிற்சாலைப் பொருள்களுக்கு இனி இறக்குமதித் தீர்வையே இல்லையென்று அரசாங்கம் அறிவித்தது. சட்டை, செருப்பு, பை, எல்லாம் சைபர். எங்கள் ஷெஃப், அதுதான் மேலாளர், சந்தோஷத்தில் கேக் வாங்கி வந்தார். அக்கா ஒரு துண்டும் தொடவில்லை, செத்த வீட்டில் இருப்பதுபோல் இருந்தார். "அக்கா, இலக்கம் இன்னும் எழுதத்தானே வேணும். பிழையாப் போனாலும் காசு நட்டமில்லை, நிம்மதி," என்றேன். "வரி சைபர்தான்," என்றார். "ஆனால் சைபருக்கும் ஒரு விலாசம் வேணும்." கேக்கை நான்தான் சாப்பிட்டேன், அவருடைய பங்கையும் சேர்த்து.

இந்தச் சைபர் காலத்தில்தான் ஞானம் அண்ணையின் பைகள் வந்து சேர்ந்தன. உங்கள் எல்லோரிடமும் இருக்கும் பைதான். சிவப்பும் நீலமுமாய்க் கட்டம் போட்டது, மேலே சிப், இரண்டு கைபிடி, ஓர் ஆளைச் சுருட்டி வைக்கலாம். பள்ளிக்கூட ஃபேரியனுக்கு, அதுதான் கோடை விடுமுறைக்கு, முன்னம் கடைக்கு வந்தால்தான் விற்கும், ஊருக்குப் போகிற சனம் போனபிறகு அதை ஆர் வாங்குவது? நான் பத்திரத்தில் முப்பத்தொன்பதாம் அத்தியாயம் என்று போட்டேன். நீண்டகாலப் பாவனைக்கு இல்லாத பிளாஸ்டிக் பை அங்கேதான் போகும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் எழுதினால் மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா பேனையை மூடி வைத்துவிட்டார்.

"இது பயணப் பை. நாப்பத்திரண்டு."

"அக்கா, இது ஒருக்காப் பாவிச்சுப்போட்டு எறியிற சாக்கு."

"எங்கடை ஆக்கள் எதையப்பா ஒருக்காப் பாவிச்சுப்போட்டு எறிஞ்சவை? ஐஸ்கிரீம் பெட்டியிலை மிளகாய்த்தூள் வைச்சிருக்கிற சனம்!"

நானும் இறங்கவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் நெய்து, தையல் பல்லிளிக்கும் ஒன்றைப் பயணப் பை என்றால் தோல் பெட்டிக்கு என்ன மரியாதை? எங்கள் சண்டையில் பைகள் களஞ்சியத்தில் கிடந்தன. ஞானம் அண்ணை நாளும் பொழுதும் தொலைபேசி எடுத்தார். "ஒரு சதம் வரியில்லாத சாமானுக்கு ரெண்டு பேரும் என்னத்துக்கு அடிபடுறியள்? என்ரை சீசன் போகுது!" அக்கா தொலைபேசியைப் பறித்து, "இந்தப் பை எவ்வளவு காலம் உழைக்கும்?" என்று கேட்டார். அண்ணை திருப்பிக் கேட்டார்: "உங்களுக்கு எந்தப் பதில் வேணும், அக்கா?"

அந்தச் சனிக்கிழமை அக்கா என்னைச் சூரிச் விமான நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஊருக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள், அவர்களின் பைகளுக்கு என்ன வயது என்று நேரே கேட்டு என் வாயை அடைக்கலாம் என்பது திட்டம். கழுத்தில் அலுவலக அட்டை, கையில் பேனை. அதைக் கண்டதும் வரிசை முழுக்கக் கதிகலங்கியது. சுங்கத்திலிருந்து பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள். "ஐயா, இந்தப் பை எப்ப வாங்கினது?" என்று அக்கா கேட்டார். "நேற்று, பிள்ளை. புத்தம் புதுசு," என்றார் ஒருவர். அந்தப் பையில் கட்டங்களே வெளிறிப்போயிருந்தன. கைபிடியில் ஏழெட்டு விமானப் பொதிச் சீட்டுகள் தொங்கின. அடுத்தவரும் நேற்று. அதற்கடுத்த அம்மா, "இது எங்கடை பையே இல்லை," என்று சொல்லி இரண்டடி தள்ளி நின்றார்.

நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "எல்லாம் புதுசு, அக்கா. பழைய பை ஒண்டும் உலகத்திலை இல்லை. முப்பத்தொன்பது!" அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. கொஞ்சநேரம் என்னை முறைத்துவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. ரயிலில் வரும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சனம் பயத்திலை பொய் சொல்லும். பை சொல்லாது, சிவம்."

திங்கட்கிழமை ஷெஃப் வந்து, மத்தியானத்துக்குள் ஏதாவது ஓர் இலக்கம் வேண்டும் என்றார். அக்கா ஒரு பந்தயம் வைத்தார். "இப்போதைக்கு நாப்பத்திரண்டு போடுவம். ஒரு பையை நான் தினமும் பாவிக்கிறன். கிழிஞ்ச அண்டைக்கு ஷெஃப்புக்கு முன்னாலை நிண்டு, சிவம் சொன்னதுதான் சரியெண்டு சொல்லுறன்." ஞானம் அண்ணை அழுகிற நிலையில் இருந்தபடியால் நான் ஒப்புக்கொண்டேன். பைகள் ஃபேரியனுக்கு முன்னம் கடைக்குப் போய்ச் சேர்ந்தன. இனித் தன் சரக்கில் ஒருநாளும் ஆராய்ச்சி செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர் ஒரு பையை அக்காவுக்கு இனாமாகக் கொடுத்தார்.

அன்று தொடங்கியது என் கரைச்சல். மழையோ பனியோ, அக்கா அந்தப் பையோடுதான் வந்தார். சாப்பாடு, குடை, பாட்டுப் புத்தகங்கள், ஒருமுறை ஒரு முழுப் பூசணிக்காய். வந்ததும் பையை என் மேசையில் தொப்பென்று போட்டு, "பாரும், கிழிஞ்சதோ?" என்பார். நான் தையல் தையலாகத் தேடுவேன். "இல்லை." "ஓம், எப்பிடிக் கிழியும்?" அக்காவுக்கு அதற்குப் பிறகுதான் தேநீர் இறங்கும்.

பிறகு அவருக்கு வருத்தம் வந்தது, லேசான நோயில்லை. எல்லோரையும்போல நானும் நல்ல வார்த்தை நாலு யோசித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலின் கீழே அந்தப் பை. அவர் பாதியாகிவிட்டார், பை அப்படியே இருந்தது. நல்ல வார்த்தைகளை நான் தொடங்க முதல் அக்கா விரலால் கீழே காட்டினார். நான் மண்டியிட்டுத் தையல்களைப் பார்த்தேன். அவசரமாய் எழும்பினால் அழுதுவிடுவேன் என்று வழக்கத்தைவிட நேரமெடுத்துப் பார்த்தேன். "இல்லை, அக்கா." அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

தேவாலயத்தில் சவப்பெட்டியை இறக்கியபோது என் மனம் தன்பாட்டில், மரம், நாற்பத்து நான்காம் அத்தியாயம் என்றது. வெட்கமாக இருந்தது. அக்கா கேட்டிருந்தால், "மேலை வார்னிஷ் தெரியுது, வடிவாப் பாரும்," என்றிருப்பார். பாடகர் குழு அன்றைக்கு ஒரே தாளத்தில் பாடியது. முந்தி ஓட ஆளில்லாமல் அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் அவருடைய கணவர் சேவியர் அண்ணை என்னைக் கூப்பிட்டார். மடித்த பையை நீட்டினார். "இதை உம்மட்டைக் குடுக்கச் சொன்னவ. நீர் கிழிக்கப் பாப்பீராம். பாக்கட்டும், விடுங்கோ எண்டும் சொன்னவ."

பார்க்கத்தான் செய்தேன். வேறென்ன? அரிசி மூட்டை ஏற்றினேன், உருளைக்கிழங்கு ஏற்றினேன், தோட்டத்துக் கல்லுகூட ஏற்றினேன். பஸ்ஸில் மடியில் அதை வைத்துக்கொண்டு போவேன், பக்கத்தில் இருக்கிற சுவிஸ்காரர் கொஞ்சம் தள்ளி இருப்பார். கிழிந்தால் நான் வென்றேன். ஷெஃப்புக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல அக்காதான் இல்லை.

போன கிழமை ஒரு கைபிடிக்குக் கீழே தையல் விட்டிருந்ததைக் கண்டேன். விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. கதவைச் சாத்திவிட்டு, மனைவியின் தையல் பெட்டியிலிருந்து தடித்த நூலாகப் பார்த்து எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு தரம் மடித்துத் தைத்தேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பைதான். இப்போதும் தினமும் அதைக் கொண்டுபோய் என் மேசையில் போடுகிறேன். கிழிந்ததா என்று ஆராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்லுவேன்.