அய்யாக்கண்ணு விழுங்கிய காப்பி

பினாங்கில் காப்பி குடிக்கத் தெரியாத ஒரே ஆள் அய்யாக்கண்ணுதான். இத்தனைக்கும் அவனுக்கு வேலையே காப்பி ருசி பார்ப்பது. துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், சரக்குக் கிட்டங்கியில் அவன் ருசி பார்க்கிறவன். அப்துல் அஜீஸாகிய நான் மூட்டை நிறுக்கிறவன்.

சுமத்ராவிலிருந்து சரக்கு வந்தால் அவன் முகமே மாறிவிடும். ஈரம் காயும் முன்பே தோலுரித்த கொட்டை அது. நீலம் ஓடிய பச்சை நிறம். சிலதில் நுனி ஆட்டுக் குளம்புபோல் பிளந்திருக்கும். புதிதாகப் பார்ப்பவன் பூஞ்சை பிடித்தது என்று ஒதுக்கிவிடுவான். அய்யாக்கண்ணு அதில் ஒரு பிடி வறுத்து, இடித்து, கொதிநீர் ஊற்றி, கரண்டியில் அள்ளிச் சத்தமாக உறிஞ்சி, வாயெல்லாம் சுழற்றிப் படிக்கத்தில் துப்புவான்.

"புளிப்பே இல்லண்ணே. நாக்குல கனமா உக்காருது. மழ பேஞ்ச மண்ணு வாசம். கடைசியா லேசா பொகையில."

விழுங்கவே மாட்டான். விழுங்கினால் தூக்கம் போய்விடும், நாக்கும் மழுங்கிவிடும் என்பான். ஆனால் அந்த நாக்கு வெளியிலும் சும்மா இருக்கவில்லை. போகிற வீட்டிலெல்லாம் கொடுத்த காப்பிக்குக் குறை சொன்னான். யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. டத்தோ கிராமாட் பகுதியில் ஒரு வாடகை அறை. தானே பொங்கித் தானே தின்று, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். தாய் தகப்பன் கிடையாது.

"ஒருத்தி வந்தா, காலைல எதுத்தாப்புல உக்காந்து காப்பி குடிக்க ஒரு ஆளாச்சுண்ணே" என்றான் ஒருநாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். எனக்குப் பாவமாக இருந்தது. நானே பெண் தேடினேன்.

மாட்டுவண்டிக்காரர் பிச்சைமுத்துவின் மகள் நல்லம்மாள். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளைக்காகச் சுமத்ராக் கொட்டையே வாங்கியாந்தேன்லா" என்று பெருமையாகச் சொன்னார் பிச்சைமுத்து. நல்லம்மாள் காப்பி கொண்டுவந்தாள். இவனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. பதற்றத்தில் வாய் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்துவிட்டது: உறிஞ்சினான், சுழற்றினான். வெற்றிலைப் படிக்கம் பக்கத்திலேயே இருந்து தொலைத்தது. துப்பினான். அதோடாவது நின்றானா?

"பாதிதான் சுமத்ரா. மீதி வறுத்த சோளம்."

நல்லம்மாள் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"எந்திரிங்க தம்பி" என்றார் பிச்சைமுத்து.

வழியெல்லாம் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். "பழக்கம்ண்ணே" என்று மட்டும் சொன்னான். வண்டிக்காரர்கள் மூலம் கதை ஊரெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு யார் பெண் கொடுப்பார்கள்? அவனும் கேட்கவில்லை.

நல்லம்மாளுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று. வெகுகாலம் கழித்து, எங்கள் தலை நரைத்த பிறகு, அவளும் புருஷனும் டத்தோ கிராமாட்டிலேயே ஒரு காப்பிக்கடை போட்டார்கள். அவர் மேசை துடைப்பார். அவள் காப்பி ஆற்றுவாள். ஞாயிறு தவறாமல் அய்யாக்கண்ணு அங்கே போய் மூலையில் உட்காருவான். சில நாள் நானும் கூடப் போவேன். சோளம் கருகிய காப்பி அது. எனக்கே தொண்டையில் இறங்காது. அவன் ஒரு வார்த்தை பேசாமல் முழுவதும் விழுங்குவான். தன்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்திருந்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிறு அவளே மேசைக்கு வந்தாள்.

"காப்பி எப்படிங்க இருக்கு?"

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கும்மா."

காப்பி விஷயத்தில் அவன் சொன்ன முதல் பொய் அது. அவள், புருஷன் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாமே."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அய்யாக்கண்ணு அடியில் கிடந்த மண்டியையும் சேர்த்துக் குடித்தான்.